நீரருகே நில்லாத கோரை

கோரை என்றதும் தமிழ் மனத்தில் முதலில் எழுவது நீரும் சேறும்தான். காவிரிக் கரையில் முசிறி, கரூர் வட்டாரங்களில் பயிராக்கப்படும் பாய்க்கோரை, தாமிரபரணிக் கோரையை மெல்லிய இழையாகக் கிழித்து நெய்யப்படும் பத்தமடைப் பாய், ஏரி நீர் வற்றும்போது கரையை ஒட்டித் தலைகாட்டும் கோரைத் திட்டு, உழவரை ஓயவிடாத கோரைக்கிழங்குக் களை ஆகிய யாவும் இச்சொல்லுக்கு ஓர் ஈர வாசத்தை ஏற்றிவைத்திருக்கின்றன. இவ்வுரை எடுத்துக்கொண்ட செடியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அது ஆற்றையும் குளத்தையும் நாடுவதில்லை. வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில், கோடையில் மழையை அரிதாகவே காணும் ஊசியிலைக் காடுகளின் தரையில், உதிர்ந்த பைன் சருகுக்கு நடுவே கற்றை கற்றையாக நின்று வாழ்வது அது. அங்குள்ளோர் அதனை எல்க் கோரை என்றும் கெயர் கோரை என்றும் வழங்குவர். தாவரவியலார் இட்ட பெயர் கேரெக்ஸ் கெயெரி.

கோரையைப் புல்லென்று மயங்குவது எளிது; பிரித்தறிவதும் எளிது. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையாகவும், கணுக்களுக்கு இடையே உள்ளீடற்றும் இருக்கும். கோரையின் தண்டு பெரும்பாலும் மூன்று பட்டையாகவும் உள்ளே கெட்டியாகவும் இருக்கும். தண்டை இரு விரல்களுக்கு இடையே வைத்து உருட்டினால் கோரை உருளாமல் தடைப்படும். புல்லின் இலைகள் இரு வரிசையாகவும் கோரையின் இலைகள் மூன்று வரிசையாகவும் அமைவதும் இம்மூன்று பட்டையோடு சேர்ந்த கணக்கே. இக்குடும்பத்துக்குள் கேரெக்ஸ் என்பது மிகப் பெரிய பேரினம். ஏறத்தாழ 2000 இனங்களைக் கொண்டது. பூக்கும் தாவரங்களின் பேரினங்களில் இவ்வளவு இனங்களை உடையவை மிகச் சிலவே. இப்பேரினத்துக்கு மட்டுமே உரிய அடையாளம் எனச் சொல்லத்தக்கது, பெண்பூவின் சூலகத்தை முழுவதும் மூடி, குப்பி போன்ற வடிவில், நுனியில் சிறு வாயோடு அமையும் உறைப்பையாகும். சூலகமுடிகள் அந்த வாயின் வழியே வெளியே நீண்டு மகரந்தத்தை ஏற்கும். விதை முற்றியபின் பையோடு சேர்ந்தே உதிரும். இனத்துக்கு இனம் மாறுபடும் இப்பையின் அளவு, நரம்பு, வாயின் பிளவு ஆகியவற்றைக் கொண்டே கேரெக்ஸ் இனங்கள் பிரிக்கப்படுகின்றன என்பதால், இதனைப் பார்க்கத் தெரியாதவர்க்கு 2000 இனங்களும் ஒரே பச்சையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

எல்க் கோரை இவற்றுள் ஒரு சிக்கனக்காரன். அதன் தண்டு ஒவ்வொன்றும் ஒரே ஒரு கதிரைத் தாங்கும். அக்கதிரின் மேற்பகுதி முழுதும் ஆண்பூக்கள். அடியில் பெண்பூக்கள் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஆகவே ஒரு தண்டு தரும் விதை விரல்விட்டு எண்ணும் அளவினது. ஆனால் கேரெக்ஸ் கணக்கில் அப்பைகள் பெரியவை, பருத்தவை. இலைகள் தட்டையானவை, சில மில்லிமீட்டரே அகலமுள்ளவை. ஓரத்தில் நுண்ணிய சொரசொரப்பு உண்டு, நுனியிலிருந்து அடிநோக்கி விரலை இழுத்தால் அது தெரியும். ஒரு முழம் உயர்ந்தால் அதுவே அதிகம். கண்ணுக்குத் தெரியும் செடி இவ்வளவுதான். மண்ணைத் தோண்டிப் பார்த்தால் வேறொரு செடி இருக்கிறது. தடித்து, பழைய இலையடிகளின் செதில்கள் போர்த்தி, கிடைவாக்கில் ஊர்ந்து செல்லும் மட்டநிலத்தண்டும், அதாவது மண்ணுக்குள் படுத்தபடி வளர்ந்து அங்கங்கே மேல்நோக்கித் தளிர்விடும் தண்டும், அதிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் சல்லிவேர்த் தொகுதியும் மண்ணை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால், ஒரு கற்றையைப் பிடுங்க முயல்பவர் கையில் இலை மட்டுமே அறுந்து வரும்.

இச்செடியின் இருப்பிடம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா மாகாணங்களின் தென்பகுதியில் தொடங்கி, வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ, மொன்டானா, வயோமிங் வழியாகக் கொலராடோ, யூட்டா, நெவாடா, வட கலிபோர்னியா வரை பரவியது. கொலராடோவில் கடல்மட்டத்திலிருந்து 3000 மீட்டரை ஒட்டிய உயரம் வரை அது வளர்கிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் மேகம் காஸ்கேடு மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே தன் சுமையை இறக்கிவிடுவதால், அதன் கிழக்கே உள்ள மலைகள் மழைமறைவில் நிற்கின்றன. அங்கே விழும் நீரின் பெரும்பகுதி குளிர்காலத்தில் பனியாகவே விழும். பனி உருகும் வசந்தத்தில் மண் நனைந்திருக்கும். ஜூலை பிறந்ததும் மேல்மண் உலரத் தொடங்கி, செப்டம்பர் வரை அடியடியாக உலர்ந்துகொண்டே போகும். ஏறத்தாழ 7700 ஆண்டுகளுக்கு முன் ஓரிகனில் மசாமா எரிமலை வெடித்துச் சிதறி, இன்று கிரேட்டர் ஏரி இருக்கும் பள்ளத்தை விட்டுச்சென்றபோது பரவிய சாம்பல், இம்மலைகள் பலவற்றில் இன்னும் ஒரு படுகையாக மண்ணின்மேல் கிடக்கிறது. அச்சாம்பல் நீரைப் பிடித்துவைக்கும் இயல்புடையது. அது தடித்துக் கிடக்கும் சரிவு ஈரமாகவும், காற்றாலும் நீராலும் அரிக்கப்பட்ட முகடு வறண்டும் இருக்கும். இவ்விரண்டாவது வகை நிலத்தில் மற்றச் செடிகள் பின்வாங்கும் இடத்திலும் எல்க் கோரை நின்றுகொள்கிறது.

பெயர் வந்த வழியைச் சுருக்கமாகக் கூறலாம். 1809-இல் டிரெஸ்டன் நகரில் பிறந்த கார்ல் ஆந்திரயாஸ் கெயர் என்னும் செருமானியர், 1843-இலும் 1844-இலும் மிசௌரி ஆற்றுப் பக்கமிருந்து ராக்கி மலைகளைக் கடந்து ஓரிகன் வரை பயணம் செய்து செடிகளைச் சேகரித்தார். அவர் கொண்டுவந்த உலர்செடிகளுள் இக்கோரையைப் புதிய இனமெனக் கண்டு 1846-இல் பெயரிட்டவர் பிரான்சிஸ் பூட். பாஸ்டனில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, இலண்டனில் தொழில் நடத்தி, பின் அத்தொழிலை விட்டுக் கேரெக்ஸ் என்னும் ஒரே பேரினத்துக்குத் தம் பிற்கால வாழ்வைக் கொடுத்தவர் அவர். அவர் எழுதிய விளக்கப்படத் தொகுதி 1858 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து, அவர் 1863-இல் இறந்தபின் 1867-இல் நிறைவுற்றது. மேய்ச்சல்காரனும் வேடனும் ஒரே புல்லென்று கடந்துபோன ஒன்றை இனம் இனமாகப் பிரித்துப் படம் வரையச் செய்த இத்தகைய பிடிவாதக்காரர்கள் இல்லையேல், காட்டுத்தரையைப் பற்றிய பின்னாளைய அறிவியல் எதுவும் எழுந்திராது.

வறட்சியைத் தாங்கும் செடி என்ற தொடர் பலராலும் எளிதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அது ஒன்றுக்கொன்று மாறான பல வாழ்முறைகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. ஒருபருவச் செடி மழைக்காலத்திலேயே பூத்துக் காய்த்து விதையாக வறட்சியைக் கழிக்கிறது. கள்ளி நீரைத் தன் உடலில் சேமிக்கிறது. சில புற்கள் கோடையில் இலையைக் காயவிட்டு அடிமொட்டில் உயிரை ஒடுக்குகின்றன. கோரைக்கிழங்கு போன்ற வெப்பநாட்டுக் கோரைகள் சி4 எனப்படும் ஒளிச்சேர்க்கை முறையைக் கைக்கொண்டு, குறைந்த நீரில் மிகுந்த மாவுப்பொருளை ஆக்கிக்கொள்கின்றன. எல்க் கோரைக்கு இவற்றுள் எதுவும் இல்லை. கேரெக்ஸ் பேரினத்துக்கு உரிய பழைய சி3 முறையே அதற்கும் உரியது. தடித்த இலையும் இல்லை, நீர்ப்பையும் இல்லை. அது வெல்வது காலக்கணக்கினாலும் வேரினாலும்.

காலக்கணக்கு முதலாவது. எல்க் கோரையின் இலை குளிர்காலத்தில் உதிர்வதில்லை. கோடையில் வளர்ந்த இலை நுனியில் மட்டும் பழுப்பேறி, அடிப்பகுதி பச்சை மாறாமல் பனியின்கீழ் மாதக்கணக்கில் படிந்துகிடக்கும். வசந்தத்தில் பனி விலகும் விளிம்பில் நின்று பார்த்தால், ஒருபுறம் கரைந்துகொண்டிருக்கும் பனித்தகடும், அதனை ஒட்டி நனைந்து தரையோடு அழுந்திய சென்ற ஆண்டின் பச்சை இலைகளும் தென்படும். புதுத் தளிர் வரும்வரை காத்திராமல் அப்பழைய இலையே வெயில் பட்ட நாளிலிருந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. மண்ணில் நீர் மிகுந்து, போட்டி குறைந்து நிற்கும் அச்சில வாரங்களின் ஆதாயம் அதற்கு வாய்க்கிறது. இரண்டாவது, வேர். மேல்மண் உலர்ந்தபின் ஈரம் கீழே இறங்கிப்போகும். ஆழ இறங்கிய சல்லிவேர்கள் அதனைப் பின்தொடர்கின்றன. இக்காடுகளில் அதன் பக்கத்து வீட்டுக்காரனான பைன்புல் ஆகஸ்ட்டு கடைசியில் வைக்கோல் நிறம் கொள்ளத் தொடங்கும்போதும் எல்க் கோரையின் கற்றை கரும்பச்சையாகவே நிற்பதற்கு இதுவே காரணம். வறட்சியை அது தாங்குகிறது என்பதைவிட, வறட்சி வருமுன் பாதி வேலையை முடித்துக்கொண்டு, மீதிக்கு நிலத்தடி இருப்பை நம்புகிறது என்பதே பொருந்தும்.

இந்த வாழ்முறைக்கு ஒரு விலையுண்டு. அது விதையில் கொடுக்கப்படுகிறது. தண்டுக்கு மூன்று விதை என்றால், செடி தன் எதிர்காலத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கவில்லை, தான் சாகாமல் இருப்பதிலேயே வைத்திருக்கிறது என்று பொருள். அதே மலைகளில் வளரும் ராஸ் கோரை இதற்கு நேர்மாறானது. அது குட்டையானது, தன் கதிர்களிற் சிலவற்றை இலைகளின் அடியில், தரையை ஒட்டி மறைத்துவைக்கும். அதன் விதைகள் மண்ணில் நெடுங்காலம் உறங்கிக்கிடந்து, காடு எரிந்தோ வெட்டப்பட்டோ தரை வெளிச்சம் பெற்றவுடன் திரளாக முளைக்கும். ராஸ் கோரை குலைந்த நிலத்தில் குடியேறுவது. எல்க் கோரை இருந்த நிலத்தைப் பிடித்துவைப்பது. இரண்டையும் ஒரே கோரை என்று கருதி மேலாண்மைத் திட்டம் எழுதுவோர் இரண்டிலும் தவறுவர்.

நிலத்தைத் தாவரத்தின் பெயரால் அறிவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்பன மரஞ்செடிகளின் பெயர்களே. ஏறத்தாழ அத்தகைய ஒரு முறையை அமெரிக்க மேற்கின் காட்டியலார் இருபதாம் நூற்றாண்டில் வகுத்துக்கொண்டனர். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரெக்ஸ்போர்டு டாபன்மயர் 1952-இல் வட ஐடஹோவின் காடுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், காட்டைத் தற்போது நிற்கும் மரத்தால் வகைப்படுத்தாமல், குலைவின்றி நெடுங்காலம் விட்டால் அங்கே இறுதியில் நிலைபெறும் மரத்தையும் அதன் அடியில் வளரும் சிறு செடியையும் சேர்த்து வகைப்படுத்தினார். மரம் பரந்த தட்பவெப்பத்தையும், தரைச்செடி அந்தச் சரிவின் மண்ணையும் ஈரத்தையும் காட்டும் என்பது இதன் உட்பொருள். மரத்தை வெட்டினாலும் எரித்தாலும் தரைச்செடி பெரும்பாலும் எஞ்சி நின்று அந்நிலம் எது என்று சொல்லும் என்பது இதன் நடைமுறைப் பயன். 1973-இல் பிரடெரிக் ஹால் ஓரிகனின் நீலமலைகளுக்கும், 1977-இல் ராபர்ட் பிஸ்டரும் உடன்பணியாளரும் மொன்டானாவுக்கும் எழுதிய வகைப்பாட்டு நூல்கள் இவ்வழியில் எழுந்தவை. டக்ளஸ் பிர் மரமும் எல்க் கோரையும், கிராண்டு பிர் மரமும் எல்க் கோரையும் என்று இணைப்பெயராக வரும் காட்டுவகைகளில், அக்கோரை ஒரு பெயரடை போல நின்று, வறண்ட, கோடையில் நீரற்ற சரிவு என்ற செய்தியைத் தாங்குகிறது. திணைப்பெயரோடு ஒப்பிட்டதில் ஒரு வேறுபாட்டையும் சொல்லியாகவேண்டும்: திணை நிலத்தோடு மாந்தரின் ஒழுக்கத்தையும் சேர்த்துப் பேசியது, இவ்வகைப்பாடு எவ்வளவு மரம் விளையும் என்பதைப் பேசியது.

எல்க் என்பது கடமானுக்கு உறவான, ஆண் ஏறத்தாழ 300 கிலோவும் அதற்கு மேலும் எடைகொள்ளும் பெரிய மான். ஐரோப்பாவில் இதே சொல் வேறொரு விலங்கான மூஸைக் குறிப்பதால் குழப்பம் நேர்வதுண்டு. கோரைக்கு அம்மானின் பெயர் இடப்பட்டதைக் கொண்டு, அது மான் விரும்பியுண்ணும் முதல்தரத் தீவனம் என்று எண்ணிவிடக் கூடாது. கோடைத் தொடக்கத்தில் மென்மையான அகன்ற இலைச்செடிகளும் இளம் புற்களும் கிடைக்கும்வரை எல்க் அவற்றையே தேடும். அவை காய்ந்தபின் ஆகஸ்ட்டு, செப்டம்பரிலும், பின்னர் பனிக்கு நடுவே பச்சை தேடும் குளிர்காலத்திலும், பனி விலகும் முதல் நாட்களிலும் இக்கோரையின் முறை வரும். விருந்தில் இடம்பெறாமல் பஞ்சத்தில் கைகொடுக்கும் கேழ்வரகின் நிலை இதற்கு. வசந்தத்தில் குகை விட்டு வெளிவரும் கரடியும் இதனை மேயும். கோடை முற்றியபின் காட்டில் விடப்படும் மாடும் மேயும். ஓரிகனின் நீலமலைகளில் லா கிராண்டு நகருக்கு அருகே 1940-இல் நிறுவப்பட்ட ஸ்டார்க்கி ஆய்வுக்காட்டில், 1987-இல் ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் நிலம் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கம்பிவலையால் வளைக்கப்பட்டு, எல்க்கும் மானும் மாடும் ஒரே தீவனத்தை எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றன என்பது ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட்டு வருகிறது. கோடைக் கடைசியிலும் இலையுதிர்காலத்திலும் கிடைக்கும் உணவின் தரமே பெண் எல்க் சூல்கொள்வதையும் குளிரைத் தாண்டுவதையும் பெரிதும் தீர்மானிக்கிறது என்று 2004-இல் வெளிவந்த விரிவான ஆய்வொன்று காட்டியது. தரத்தில் நடுத்தரமான ஒரு கோரை காலத்தால் பெருமை பெறுவது இங்கேதான்.

தீயோடு இக்கோரைக்கு உள்ள உறவு இன்னும் பழையது. தாழ்ந்த உயரத்தின் பாண்டரோசா பைன் காடுகளில், மின்னலாலும் அந்நிலத்தின் பழங்குடியினர் கையாலும் மூட்டப்பட்ட தரைத்தீ சில ஆண்டுகளுக்கோ சில பத்தாண்டுகளுக்கோ ஒருமுறை தவழ்ந்துசென்றது. உதிர்ந்த பைன் ஊசியும் கோரையின் காய்ந்த நுனிகளும் அத்தீக்குத் திரியாகப் பயன்பட்டன. தடித்த பட்டையுள்ள முதிர் பைன் பிழைத்தது, இளம் பிர் கன்று கருகியது, கோரையின் இலை எரிந்தது. மண்ணுக்குள் கிடந்த மட்டநிலத்தண்டு மீண்டும் தளிர்த்தது. இவ்வாறு கோரை தன்னை எரியக் கொடுத்துத் தன் வெளிச்சத்தைக் காத்துக்கொண்டது என்று கூறினால் அது சற்றே கவித்துவம். செடிக்கு நோக்கம் கிடையாது. ஆயினும் விளைவு அதுவே. 1910 ஆகஸ்ட்டு 20, 21 ஆகிய இரு நாட்களில் ஐடஹோவிலும் மொன்டானாவிலும் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் எரிந்தபின், அமெரிக்க வனத்துறை தீ என்றாலே பகை என்று முடிவுகட்டியது. 1935-இல், எழும் தீ ஒவ்வொன்றையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கவேண்டும் என்ற விதியே வகுக்கப்பட்டது. தீ நின்றது; பிர் கன்றுகள் நெருங்கின; தரையில் வெளிச்சம் குறைந்தது. எல்க் கோரை நிழலையும் ஓரளவு தாங்கும் என்பதால் மறைந்துவிடவில்லை. நெருங்கிய மரத்தின்கீழ் மெலிந்து கிடந்தது. மரங்களைக் கலைத்து, கட்டுப்பாட்டோடு தீமூட்டும் இன்றைய முறை வந்தபோது மீண்டும் தடித்தது. ஆனால் பல பத்தாண்டுக் கட்டையும் சருகும் குவிந்த இடத்தில் தீ நின்று எரிந்தால், வெப்பம் மண்ணுக்குள் இறங்கி அந்த நிலத்தடித் தண்டையே அவித்துவிடும். தீயைத் தாங்கும் செடி என்ற பட்டமும், எந்தத் தீ என்று கேட்ட பின்னரே வழங்கத்தக்கது.

எல்க் கோரையை வெறுப்பவர்களும் உண்டு. அவர்கள் மரக்கன்று நடுபவர்கள். பாண்டரோசா பைன் கன்று தன் முதற்கோடையைக் கடக்கவேண்டுமானால், அதன் வேர் உலரும் மேல்மண்ணை முந்திக்கொண்டு கீழே இறங்கவேண்டும். அங்கே ஏற்கெனவே நெய்த பாய்போல் கோரைவேர் பரவியிருந்தால், ஜூலைக்குள் நீர் பறிபோய்விடும். ஆகவே நடும் இடத்தைச் சுற்றிக் கோரைத்தரையைச் செதுக்கி எடுப்பதும், ஹெக்சசினோன் போன்ற களைக்கொல்லியைத் தெளிப்பதும், எந்திரத்தால் மேல்மண்ணை வழித்துத் தள்ளுவதும் நடைமுறையாயின. கன்றைச் சுற்றிய சிறு வட்டத்தைச் செதுக்குவதில் குறைகாண முடியாது. உழவரும் அதைத்தான் செய்கின்றனர். சரிவு முழுவதையும் வழிப்பது வேறு செயல். வெட்டிய காட்டிலும் எரிந்த காட்டிலும் அடுத்த மழைக்கு மண் கரைந்தோடாமல் பிடித்துவைப்பது இதே வேர்ப்பாய்தான். மரம் ஒரு பயிர், மற்றவை களை என்று பார்த்த தலைமுறையின் கண்ணுக்கு அந்தச் சேவை கணக்கில் ஏறவில்லை என்றே கூறவேண்டும்.

இழந்ததை மீண்டும் வைப்பதும் எளிதன்று. விதை குறைவு; கிடைத்த விதையும் உறக்கம் மிகுந்தது, எளிதில் முளைப்பதில்லை; மட்டநிலத்தண்டை வெட்டி நட்டாலும் நிலைகொள்ளக் காலமெடுக்கும். ஆகையால் சாலை வெட்டிய ஓரத்திலும் எரிந்த சரிவிலும் விரைந்து பச்சை காட்டவேண்டி நெடுங்காலம் தூவப்பட்டவை, மூட்டை மூட்டையாக விலைக்குக் கிடைத்த அயல்நாட்டுப் புல்விதைகளே. எந்திரம் மேல்மண்ணோடு வழித்தெடுத்த இடத்துக்கு எல்க் கோரை பெரும்பாலும் விதையாக வந்துசேர்வதில்லை. வழிக்கப்படாமல் விடுபட்ட ஓரத்திலிருந்து, மண்ணுக்கடியில், விரல் விரலாக நகர்ந்தே வருகிறது.